தமிழ்த்தாயின் தவப்பிள்ளை

பிள்ளை என்னும் சொல் முதற்கண் மகவைக் குறிப்பது. பின்னர் அது பெருமக்கள் பெயரின் ஈற்றில் நின்று மரியாதை சுட்டும் பட்டமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் வரலாற்றைப் புரட்டுவோர் இப்பெயரை ஏடுதோறும் காண்பர். தலபுராணங்கள் பல பாடிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, 1879இல் முதல் தமிழ் நாவலை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1891இல் மனோன்மணீய நாடகத்தைத் தந்த சுந்தரம் பிள்ளை எனப் பலர் உளர். அவர்தம் வரிசையில், தாம் இயற்றிய நூல்களினும் பிறர் இயற்றியவற்றைக் காத்தமையாலேயே புகழெய்தியவர் சி. வை. தாமோதரம் பிள்ளை.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்த இவர் வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றார். பெர்சிவல் பாதிரியாரின் அழைப்பால் சென்னை வந்து தினவர்த்தமானி இதழின் ஆசிரியரானார். 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. தேர்வில் தேறியோர் இருவர். ஒருவர் இவர்; மற்றவர் விசுவநாத பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார், இருவரும் பிள்ளைமாரே. பின்னர்ச் சட்டம் பயின்று கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார்.

பதவியும் பொருளும் வாய்த்த அவர் நெஞ்சை வருத்தியது ஏட்டுச்சுவடிகளின் அழிவு. செல்லரித்தும் ஒடிந்தும் மறைந்துவந்த சுவடிகளை ஊர்தோறும் தேடினார், ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார். 1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருள், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் சூளாமணி என அடுத்தடுத்து அச்சேற்றினார். எட்டுத்தொகையுள் முதன்முதலாக அச்சுவாகனம் ஏறியது கலித்தொகையே.

முன்னோடிக்குப் பிழை நேர்தல் இயல்பு. பொருளதிகாரம் முழுமைக்கும் நச்சினார்க்கினியர் உரை எனக் கொண்டு அவர் பதிப்பித்தார். அதன் பிற்பகுதி உரை பேராசிரியருடையது எனப் பின்வந்த அறிஞர் தெளிந்தனர். எனினும், அவ்வாறு தெளிதற்குரிய நூலையே அவர்கள் கையில் தந்தவர் இவரன்றோ! குற்றமற்ற சுவடி கிட்டும்வரை காத்திருந்திருப்பின், திருத்துவதற்கும் ஒன்று எஞ்சியிராது போயிருக்கலாம். பழிக்கு அஞ்சாது பணிக்கு முந்திய துணிவே அவர்தம் பெருமை.

1895இல் அரசு அவருக்கு இராவ்பகதூர்ப் பட்டம் அளித்தது. 1901 சனவரி முதல் நாளன்று அவர் மறைந்தார். அரசு தந்த பட்டம் இன்று பலர் நினைவில் இல்லை. பெயரின் ஈற்றில் நின்ற பிள்ளை என்னும் சொல்லோ அவர் திறத்தில் பட்டமாகாது பொருளாகவே நிலைத்தது. முதுமையுற்ற தாயைத் தாங்குதல் பிள்ளையின் கடன். அக்கடனை அவர் தீர்த்தார்.