ஆணி அடிக்காமல் பாறை ஏறியவர்: யார் இந்த ஃபிரிட்ஸ் வீஸ்னர்?

பாறைப் பிளவில் இரும்பு ஆணி அடிக்கக் கூடாது. கை வியர்த்தாலும் சுண்ணப்பொடி தடவக் கூடாது. மழையில் பாறை நனைந்திருந்தால் ஏறவே கூடாது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகருக்குப் பக்கத்தில், எல்பே ஆற்றை ஒட்டி நிற்கும் மணற்பாறைக் கோபுரங்களில் இன்றும் இதுதான் சட்டம். 1900-ல் டிரெஸ்டனில் பிறந்த ஃபிரிட்ஸ் வீஸ்னர், பாறை ஏறக் கற்றுக்கொண்டது இங்கேதான்.

ஏன் இவ்வளவு கறார்?

மணற்பாறை மென்மையானது. ஈரமானால் பிடி பெயர்ந்து கையோடு வந்துவிடும். இரும்பை அடித்தால் பிளவின் ஓரம் நொறுங்கும். அதனால் கயிற்றில் முடிச்சு போட்டு, அதைப் பிளவுக்குள் திணித்துவிட்டு மேலே போவார்கள். விழுந்தால் அந்த முடிச்சுதான் தாங்கணும். புதிய பாதை போடுபவர் எங்கோ ஒன்றாகப் பொருத்தும் வளையம் மட்டுமே விதிவிலக்கு.

ஒரே ஒரு ஆணி

வேதியியலாளரான வீஸ்னர் 1929-ல் அமெரிக்காவுக்குப் போனார். எல்பேயில் பழகிய பாணியும் கூடவே போனது. 1937-ல் வயோமிங் மாநிலத்தின் டெவில்ஸ் டவரில் இரண்டு நண்பர்களுடன் ஏறினார். இது மணற்பாறை இல்லை, எரிமலைக் குழம்பு இறுகி உருவான செங்குத்துத் தூண். 1893-ல் உள்ளூர்க்காரர்கள் மர ஏணி பொருத்தி இதன் உச்சிக்குப் போயிருந்தார்கள். கை கால் பலத்தில் முதலில் ஏறியது வீஸ்னர் குழுதான். வழியில் அவர் அடித்தது ஒரே ஒரு ஆணி. அதுவும் தேவைப்படவில்லை என்று பின்னாளில் வருந்தினார்.

கே2-வில் நடந்தது என்ன?

1939-ல் உலகின் இரண்டாவது உயரமான சிகரமான கே2-வுக்கு அமெரிக்கக் குழுவை வழிநடத்தினார். அதுவரை யாரும் தொடாத சிகரம் அது. ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே வீஸ்னரும் ஷெர்பா பசாங் தாவா லாமாவும் உச்சிக்குச் சுமார் 240 மீட்டர் கீழே வரை போய்விட்டார்கள். இருட்டப்போகிறது. இரவில் சிகரத்தில் தீய ஆவிகள் இருக்கும் என நம்பிய பசாங், கயிற்றை விடவில்லை. ஆசை இருந்தும் வீஸ்னர் அவரோடு திரும்பினார்.

அடுத்து நடந்ததுதான் பெரும் சோகம். குழுவில் ஒருவரான டட்லி வுல்ஃபை மேல் முகாமில் விட்டுவிட்டு, பொருட்கள் எடுக்க இருவரும் கீழே இறங்கினார்கள். கீழ் முகாம்களோ காலியாகக் கிடந்தன. வுல்ஃபை மீட்கப் போன பசாங் கிகுலி, பசாங் கிதார், பின்சூ என்ற மூன்று ஷெர்பாக்களும் திரும்பவில்லை. வுல்ஃபும் வரவில்லை.

பழி யார் மேல்?

அமெரிக்கன் ஆல்பைன் கிளப் விசாரணை நடத்தியது. பழி தலைவர் மேல் விழ, வீஸ்னர் கிளப்பிலிருந்து விலகினார். 1966-ல் அதே கிளப் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. 80 வயதைத் தாண்டியும் பாறை ஏறியவர், 1988-ல் வெர்மான்ட்டில் காலமானார்.

கூட வந்தவர் மறுத்ததும் உச்சியை விட்டுக்கொடுத்தவர் அவர். களைத்த ஒருவரை மேலே விட்டு வந்தவரும் அவரேதான். முகாம்களைக் காலி செய்தவர்கள் தவறா, தலைவரின் முடிவு தவறா என்ற வாதம் மலையேறிகளிடையே இன்னும் ஓயவில்லை.