மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (ஏப்ரல் 6, 1815 - பெப்ரவரி 1, 1876) 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தமிழ்ப் புலவரும் ஆசிரியரும் ஆவார். திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கிய இவர் தலபுராணங்கள் பலவற்றை இயற்றியவர். திருவிடைமருதூர் உலா இவர் நூல்களுள் ஒன்று. உ. வே. சாமிநாதையர், தியாகராச செட்டியார் முதலிய பலருக்கு ஆசிரியராக இருந்தவர் என்பதே இவரது பெருஞ்சிறப்பாகக் கருதப்படுகிறது.

பிறப்பும் கல்வியும்

இவர் திருச்சிராப்பள்ளியை அடுத்த எண்ணெயூரில் சிதம்பரம் பிள்ளை, அன்னத்தாச்சி ஆகியோருக்கு மகனாகப் பிறந்தார். தந்தையார் அதவத்தூரில் பள்ளி நடத்தி வந்த தமிழாசிரியர். அவரே இவருக்கு முதல் ஆசிரியரும் ஆவார். இளமையிலேயே தந்தையை இழந்ததால் குடும்பப் பொறுப்பு இவர்மேல் விழுந்தது.

அக்காலத்தில் உயர்நிலைத் தமிழ்க் கல்விக்கெனக் கல்லூரிகள் இல்லை. நூல்கள் பெரும்பாலும் ஏட்டுச்சுவடிகளாகவே இருந்தன. ஒரு நூலைக் கற்க விரும்புபவர் அதன் சுவடியை வைத்திருப்பவரையும், அதனைப் பாடஞ் சொல்ல வல்லவரையும் தேடிச் செல்ல வேண்டும். சுவடியை இரவல் பெற்றுப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பிள்ளையும் திருச்சிராப்பள்ளியில் தங்கி, அங்கு வரும் புலவர் ஒவ்வொருவரிடமும் தமக்குத் தெரியாத நூல்களைக் கேட்டறிந்தார். பிச்சையெடுத்து வாழ்ந்த ஒரு பரதேசி தண்டியலங்காரம் அறிந்தவர் எனக் கேள்வியுற்று, அவருக்கு வேண்டிய பணிவிடைகளைச் செய்து அந்நூலைக் கற்றார். சென்னைக்குச் சென்று காஞ்சிபுரம் சபாபதி முதலியார், மழவை மகாலிங்கையர் முதலியோரிடமும் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார்.

ஆசிரியப் பணி

கற்கும்போதே மற்றவர்க்குக் கற்பிக்கவும் தொடங்கினார். கல்வி பெறத் தாம் பட்ட துன்பத்தை நாடி வந்தவர் எவரும் படக்கூடாது என்பது இவரது நடைமுறையில் வெளிப்பட்டது. மாணாக்கரிடம் பொருள் பெறுவதில்லை. வறிய மாணாக்கர்க்கு உணவும் உறையுளும் தாமே ஏற்பாடு செய்தார். சாதி, சமய வேறுபாடின்றிப் பாடஞ் சொன்னார். அந்தணர், வேளாளர், செட்டியார், கிறித்தவர், முசுலிம் எனப் பல பிரிவினரும் இவரிடம் பயின்றனர்.

பாடத்திற்கெனத் தனி இடமோ நேரமோ இல்லை. வீட்டுத் திண்ணையிலும் மடத்திலும் வழிப்பயணத்திலும் பாடம் நடைபெறும். மூத்த மாணாக்கர் இளையோருக்குத் தொடக்க நூல்களைக் கற்பிப்பர். செய்யுள் இயற்றும்போது இவர் வாயாற் சொல்லிக்கொண்டே போக, மாணாக்கர் ஒருவர் ஏட்டில் எழுதுவார். பிழையின்றி எழுதப் பழகுவதும் அவர்களுக்கு ஒரு பாடமாக அமைந்தது.

இவருக்கு நிலையான ஊதியம் இல்லை. தலபுராணம் பாடுமாறு வேண்டுவோர் அளித்த பரிசிலும் செல்வர் உதவியுமே வருவாய். அது மாணாக்கர் உணவுக்கும் குடும்பத்துக்கும் போதாமல் கடன் வாங்க நேர்ந்தது.

ஆதீனமும் திருவிடைமருதூரும்

திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் அம்பலவாண தேசிகர் இவருக்கு மகாவித்துவான் என்னும் பட்டத்தை வழங்கினார். பின்னர் மாயூரத்திலும் திருவாவடுதுறையிலும் வாழ்ந்து, மடத்தில் தம்பிரான்களுக்கும் பிறர்க்கும் பாடஞ் சொன்னார். அடுத்துப் பட்டம் ஏற்ற சுப்பிரமணிய தேசிகரும் இவரைப் பெரிதும் ஆதரித்தார்.

திருவாவடுதுறைக்கு அண்மையிலுள்ள திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயில் இவ்வாதீன நிருவாகத்தைச் சார்ந்தது. தைப்பூச விழாவால் புகழ்பெற்ற அத்தலத்தின் இறைவன் திருவீதி உலா வருவதைப் பொருளாகக் கொண்டு திருவிடைமருதூர் உலாவை இவர் இயற்றினார். இவர் பாடிய பிற நூல்களுள் திருநாகைக்காரோணப் புராணம், மாயூரப் புராணம், சேக்கிழார் பிள்ளைத்தமிழ், சீகாழிக் கோவை ஆகியன குறிப்பிடத்தக்கவை. நண்பரான மாயூரம் வேதநாயகம் பிள்ளைமீது குளத்தூர்க் கோவை பாடினார்.

மாணாக்கர்

தியாகராச செட்டியார் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியரானார். நாகூர் குலாம் காதிறு நாவலர் முசுலிம் புலவருள் சிறந்து விளங்கினார். சவேரிநாத பிள்ளை இறுதிவரை ஆசிரியருடன் இருந்து பணிவிடை செய்தார்.

உ. வே. சாமிநாதையர் 1871ஆம் ஆண்டு, தமது பதினேழாம் அகவையில், மாயூரத்தில் இவரை அடைந்தார். அப்போது அவர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசையும் பயின்றார். பிள்ளைக்கு இசைப் பயிற்சியில் உவப்பில்லை என அறிந்ததும் அதனைக் கைவிட்டார். மாணாக்கர் தமிழில் முழு மனத்துடன் ஈடுபட வேண்டும் என எதிர்பார்த்த ஆசிரியரின் கண்டிப்பை இது காட்டுகிறது.

மறைவு

இறுதிக் காலத்தில் நோயால் தளர்ந்த பிள்ளை 1876 பெப்ரவரி 1 அன்று திருவாவடுதுறையில் காலமானார். அப்போது அவருக்கு அகவை 60. அவர் விரும்பியவாறு திருவாசகத்தின் அடைக்கலப் பத்து அருகில் படிக்கப்பட்டது. ஏராளமான செய்யுள்களை இயற்றியும் குடும்பத்துக்கு அவர் விட்டுச்சென்றது கடனே.

மதிப்பீடு

பிள்ளையின் பாடத்திட்டம் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம், இலக்கணம் ஆகியவற்றைச் சார்ந்திருந்தது. சங்க நூல்களும் பழங்காப்பியங்களும் அக்காலப் பயிற்சியில் பெரும்பாலும் இடம்பெறவில்லை. இது அவர் கற்பித்தலின் எல்லையாகும்.

எனினும் அவ்வெல்லையைக் கடக்கும் ஆற்றல் அவர் தந்த பயிற்சியிலிருந்தே பிறந்தது. 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, தம் ஆசிரியரின் மற்றொரு மாணாக்கரான சாமிநாதையரே தம் இடத்துக்கு வரும்படி முயன்று வெற்றி கண்டார். அதே ஆண்டு கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா எனச் சாமிநாதையரைக் கேட்டார். அதுவரை அந்நூலைப் பாடங் கேட்டிராத சாமிநாதையர், சுவடிகளைத் தேடி ஒப்பிட்டு 1887இல் அதனைப் பதிப்பித்தார். பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை முதலியன தொடர்ந்து வெளிவந்தன. சுவடி படிக்கும் பழக்கமும் பாடலின் பொருளை நுணுகி அறியும் திறனும் பிள்ளையிடம் பெற்றவையே.

பிள்ளையின் வாழ்க்கை வரலாற்றைச் சாமிநாதையர் இரு பாகங்களாக எழுதி வெளியிட்டார். ஆசிரியர் மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின், தமது முதுமையில் அவர் நிறைவேற்றிய பணி அது. மாணாக்கர் ஒருவர் தம் ஆசிரியரைப் பற்றி எழுதிய விரிவான தமிழ் வரலாற்று நூல்களுள் அது முதன்மையானது.