ஒரே பேட்டையில் 54 ஆண்டுகள்



நம் பங்குகள் பலவற்றில் வின்சென்ட் தே பவுல் சபையினர் வாரந்தோறும் கூடுவதைப் பார்த்திருப்பீர்கள். யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி ஒரு பையைச் சுற்றி அனுப்பிக் காணிக்கை சேர்ப்பார்கள். பிறகு இருவர் இருவராக ஏழைகளின் வீடுகளைச் சந்திக்கப் புறப்படுவார்கள். இச்சபையைத் தொடங்கியவர் யார் என்று கேட்டால் அருளாளர் ஃபிரடெரிக் ஓசானாம் என்று மறைக்கல்விப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஏழையின் வீட்டுப் படி ஏற அவருக்குக் கற்றுக்கொடுத்தவரைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். அவர் அருட்சகோதரி ரோசலி ரெந்து.

பிரான்சு நாட்டில், ஜூரா மலைப்பகுதியில் உள்ள கொன்ஃபோர் என்னும் சிற்றூரில் 1786 செப்டம்பர் 9 அன்று பிறந்தார். திருமுழுக்குப் பெயர் ழான் மரி. பிரெஞ்சுப் புரட்சியின்போது, அரசு கேட்ட உறுதிமொழியை ஏற்க மறுத்த குருக்களை அவர் குடும்பம் வீட்டில் ஒளித்து வைத்தது. பியேர் என்ற பெயரில் வீட்டோடு இருந்த வேலைக்காரர் உண்மையில் அன்னெசி ஆயர் என்பதைச் சிறுமி ஒருநாள் கண்டுகொண்டாள். தன் வீட்டாரே பொய் சொல்லிவிட்டார்களே என்று மனம் வருந்தினாளாம்! அவள் புதுநன்மை வாங்கியதும் இரவில், வீட்டின் நிலவறையில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான். ஒன்பது வயதில் தந்தையை இழந்தாள்.

1802 மே மாதம் பாரிசு சென்று பிறரன்புப் புதல்வியர் சபையில் சேர்ந்தார். நவகன்னியர் இல்லத்தில் உடல்நலம் குன்றவே, அவரை மூஃப்தார் பகுதிக்கு அனுப்பினார்கள். அதன்பின் சாகும்வரை வேறு எங்கும் மாற்றலாகிப் போகவில்லை. (ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெட்டி கட்டும் எங்களைப் போன்றவர்களுக்கு இது வியப்புதான்.)

மூஃப்தார் அன்று பாரிசின் மிக வறிய பேட்டைகளில் ஒன்று. பியேவ்ர் என்ற சிற்றாற்றின் கரையெங்கும் தோல் பதனிடும் இடங்கள்; தண்ணீரெல்லாம் கழிவு. கந்தல் பொறுக்குவோரும் கூலிகளும் நெருக்கியடித்து வாழ்ந்தனர். ரோசலி 1815இல், தம் 29ஆம் வயதில், இல்லத் தலைவியானார். இலவச மருத்துவமும் மருந்தகமும் வந்தன, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி வந்தது. வேலைக்குப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளுக்கு ஒரு காப்பகம், இளம் பெண்களுக்கு ஒரு மன்றம், ஆதரவற்ற முதியோருக்கு ஓர் இல்லம் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. எதுவும் முன்கூட்டித் திட்டம் போட்டு வந்ததாகத் தெரியவில்லை. வீடு வீடாகப் போனபோது கண்ட குறைக்கு ஏற்ப ஒவ்வொன்றாக வந்தவை அவை. 1832இல் காலரா பாரிசில் 18,000 பேருக்கு மேல் பலிகொண்டபோதும் அவரும் சகோதரிகளும் அந்தத் தெருக்களிலேயே இருந்தனர்.

மறு ஆண்டு, 1833 ஏப்ரல் 23 அன்று, ஓசானாமும் நண்பர்களும் எம்மானுவேல் பெய்யி என்ற பத்திரிகையாளரின் தலைமையில் கூடினர். அன்று ஓசானாமுக்குச் சரியாக 20 வயது. உங்கள் திருச்சபை ஏழைகளுக்கு இன்று என்ன செய்கிறது என்று உடன் படித்தவர்கள் கேட்ட கேள்வி அவர்களைக் குடைந்துகொண்டிருந்தது. ஆனால் அவர்களுக்கு ஓர் ஏழையைக்கூடத் தெரியாது! ரோசலியிடம் வந்தார்கள். அவர் சந்திக்க வேண்டிய குடும்பங்களின் முகவரியையும் கொடுப்பதற்கு ரொட்டிச் சீட்டுகளையும் தந்தார். கதவைத் தட்டுவது எப்படி, பொறுமையாகக் கேட்பது எப்படி, கொடுக்கும்போது ஏழையின் மானத்தைக் காப்பது எப்படி என்பதையும் சொல்லிக்கொடுத்தார். இந்த மூன்றாவது பாடத்தில் நாம் இன்னும் தேறவில்லை என்பது என் கருத்து. அரிசி மூட்டையோடு ஏழையை நிற்கவைத்துப் புகைப்படம் எடுக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே!

சமூக அநீதி அப்படியே இருக்க, ரொட்டிச் சீட்டால் என்ன பயன் என்று குருமடத்தில் நாங்கள் காரசாரமாக விவாதித்ததுண்டு. கேள்வி நியாயமானதுதான். 1848 ஜூனில், வேலையற்றோருக்கான தேசியத் தொழிற்கூடங்களை அரசு மூட முனைந்ததும் பாரிசின் ஏழைப் பேட்டைகள் கொதித்தெழுந்தன. ரோசலி ஆண்டுக்கணக்காக உணவளித்த மக்களும் தெருவை மறித்துத் தடுப்பரண் கட்டினார்கள். அவருடைய தொண்டு அவர்களின் கூலியை உயர்த்திவிடவில்லை. சமாதானம் பேசத் தடுப்பரணுக்குச் சென்ற பேராயர் அஃப்ர் குண்டடிபட்டு இறந்தார். அவரைப் போகுமாறு வேண்டியவர்களுள் ஓசானாமும் ஒருவர்.

அந்த நாள்களில் ரோசலி இரு பக்கத்துக் காயம்பட்டோருக்கும் கட்டுப்போட்டார். துரத்தப்பட்ட அதிகாரி ஒருவர் அவர் இல்லத்தில் புகுந்தார். கிளர்ச்சியாளர் சுட முனைந்தபோது, தாம் இத்தனை ஆண்டுகள் அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் செய்ததை நினைத்து இந்த ஓர் உயிரைத் தரும்படி ரோசலி முழந்தாளிட்டுக் கெஞ்சியதாகவும், துப்பாக்கிகள் தாழ்ந்ததாகவும் சொல்வார்கள். எந்தத் திட்டமும் நிறுத்தியிருக்க முடியாத கைகள் அவை. இதற்கு முன் 1830களில், அடிபட்ட கிளர்ச்சியாளர் தப்ப உதவினார் என்று காவல்துறை அவரையே கைதுசெய்ய ஆணை பிறப்பித்ததும் உண்டு. அது நிறைவேறவில்லை.

அவருடைய சிறிய சந்திப்பு அறைக்கு மாணவர்களும் தூதர்களும் அமைச்சர்களும் வந்தார்கள். பேரரசர் மூன்றாம் நெப்போலியனே மனைவியோடு வந்தார். 1852இல் அரசு அளித்த உயரிய விருதை மறுக்க நினைத்தவர், சபைத் தலைவரின் கட்டளைக்காகவே ஏற்றார். கடைசி இரண்டு ஆண்டுகளில் பார்வை மெல்ல மெல்லப் போய்விட்டது. 1856 பிப்ரவரி 7 அன்று இறந்தார். 2003 நவம்பர் 9 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக அறிவித்தார்.

மோன்பர்னாஸ் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். பணக்காரரும் ஏழைகளுமான நண்பர்கள் நன்றியோடு வைத்தது என்று கல்லில் பொறித்திருக்கிறது.