தங்கை பட்ட வேதனை எழுப்பிய ஆஸ்பத்திரி: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

லைன் வீடுகளில் நடுச்சுவர் ஒன்றுதான். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டவர்களின் இருமலைக் கேட்டே தலைமுறைகள் வளர்ந்த ஊர் கோலார் தங்கவயல். புற்றுநோய் முற்றியவர் படுத்திருக்கும் வீட்டிலிருந்து இரவில் வரும் முனகலும் அப்படித்தான் கேட்கும்.

பெங்களூரில் காட்டினார்கள், வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்களாம் என்று லைனில் பேசிக்கொண்டால், இனி வைத்தியமே இல்லை என்றுதான் பலரும் அர்த்தம் செய்துகொள்கிறார்கள். அது சரியல்ல. நோயை வேரறுக்க முடியாமல் போகலாம். வேதனையைக் குறைக்க வழி உண்டு.

குணமாகாத நோய் என்று சொல்லி நோயாளியைக் கைவிடுவதை ஏற்க மறுத்து, முப்பது ஆண்டு மன்றாடி, அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியை எழுப்பியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். அவரைப் பெண்ணுரிமைத் தலைவியாகவே பலரும் அறிவர்.

ஆண்கள் கல்லூரியில் ஒரு பெண்

1886-ம் ஆண்டு ஜூலை 30-ம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலம். அந்தக் குலத்துப் பெண்களை ஊர் எந்தக் கண்ணோடு பார்த்தது என்பதைச் சிறு வயதிலேயே முத்துலட்சுமி உணர்ந்திருந்தார்.

ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் பதக்கங்களுடன் பட்டம் பெற்று வெளியே வந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார்.

1927-ல் சென்னை மாகாண சட்டசபையின் துணைத் தலைவரானார். தேவதாசி முறையை ஒழிக்க மசோதா கொண்டு வந்தார். அது முழுச் சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1930-ல் காந்தியடிகள் கைதானபோது பதவியைத் தூக்கி எறிந்தார். ஆதரவற்ற பெண்களுக்கு அவ்வை இல்லம் கண்டார். இவையெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன.

தங்கையின் மரணம்

பாடப் புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிப் போவது தங்கை சுந்தராம்பாளின் கதையை. சின்ன வயதிலேயே அவருக்குப் புற்றுநோய் கண்டது. அக்காளும் டாக்டர், அக்காள் புருஷனும் டாக்டர். இருந்தும் கண்ணெதிரே நோய் வளர்வதைத் தடுக்க முடியவில்லை. ரேடியம் சிகிச்சை இந்தியாவில் அரிதிலும் அரிதாக இருந்த காலம் அது. 1923-ல் சுந்தராம்பாள் இறந்தார்.

வைத்தியம் தெரிந்த ஒருவர் தம் வீட்டு நோயாளியின் கட்டிலருகே கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைவிடக் கொடுமை வேறு இருக்க முடியாது. அம்மையார் அதை அனுபவித்தார், மறக்கவும் இல்லை. 1925-ல் மேல்படிப்புக்கு இங்கிலாந்து போனபோது, லண்டனில் புற்றுநோய்க்கென்றே நடந்த ராயல் கான்சர் ஆஸ்பத்திரியைப் பார்த்தார். அப்படி ஒன்று சென்னையில் வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது.

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் தம் ஆசையைப் பகிரங்கமாகச் சொன்னார். பெரிய வரவேற்பு ஒன்றும் கிடைக்கவில்லை. எப்படியும் சாகப்போகிறவர்களுக்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்ற கேள்விதான் அடுத்த பல ஆண்டுகளுக்கும் அவரை எதிர்கொண்டது. அம்மையார் சளைக்கவில்லை. 1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் மூலம் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கியது. நிவாரணம் என்று பெயர் வைத்ததைக் கவனிக்க வேண்டும். குணப்படுத்துவேன் என்ற வீறாப்பு அதில் இல்லை.

பன்னிரண்டு படுக்கை

1952 அக்டோபர் 10-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தது. படுக்கை மொத்தம் 12. கட்டிடம் என்று பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. அம்மையாருக்கு அப்போது வயது 67. பிறர் பேரன் பேத்தியுடன் ஓய்வெடுக்கும் வயதில் அவர் நன்கொடை கேட்டு அலைந்துகொண்டிருந்தார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி ஆஸ்பத்திரிப் பொறுப்பை ஏற்றார். 1955-ல் இளம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார்.

1957-ல் கனடாவிலிருந்து கோபால்ட் கதிர் இயந்திரம் வந்தது. கதிர் சிகிச்சை நோயைக் குணமாக்குவதற்கு மட்டும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். எலும்புக்குப் பரவிவிட்ட புற்றுநோயில், குணம் கிட்டாது என்று தெரிந்த பிறகும், ஒரே ஒரு தடவை கதிர் கொடுத்தால்கூடப் பலருக்கு வலி வெகுவாகக் குறையும். ரத்தம் கசியும் புண்ணையும் அது அடக்கும். குணமாகாத நோய்க்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று கேட்டவர்களுக்கு அந்த இயந்திரமே பதில்.

மார்பின் படும் பாடு

கடும் வலிக்குச் சிறந்த மருந்து மார்பின். பாப்பிச் செடியின் அபினிலிருந்து எடுப்பது. அபின் விளையும் நாடு இந்தியா. இங்குள்ள நோயாளிக்குத்தான் அது எட்டாக்கனியாக இருந்தது. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் கள்ளக் கடத்தலைத் தடுக்க வந்தது. ஆனால் உரிமத்துக்கு மேல் உரிமம் என்ற நடைமுறையால் ஆஸ்பத்திரிகளே மார்பினை வாங்கி வைக்கத் தயங்கின. 2014-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

உலக சுகாதார நிறுவனம் 1986-ல் வலிக்கு மூன்று படி வகுத்தது. முதலில் பாரசிட்டமால் போன்றவை; போதாவிட்டால் கோடீன் வகை; அதற்கும் அடங்காவிட்டால் மார்பின். வலி வந்தபின் கொடுப்பதல்ல, கடிகாரம் பார்த்து வேளை தவறாமல் கொடுப்பதே முறை. சாதாரண மார்பின் மாத்திரையானால் நாலு மணிக்கொரு தரம். அளவை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். மலச்சிக்கல் நிச்சயம் வரும். ஆகவே பேதி மருந்தும் கூடவே எழுதுவார்கள். முதல் சில நாள் குமட்டல், தூக்கக் கலக்கம் இருக்கலாம். வலிக்காக டாக்டர் மேற்பார்வையில் சாப்பிடுபவர் அதற்கு அடிமையாவது மிக அரிது. இது தெரியாமல் மாத்திரையை ஒளித்து வைக்கும் மகன்கள் உண்டு. அப்பாவுக்கு நல்லது செய்வதாகவே நினைக்கிறார்கள், பாவம்.

வலி ஒன்றுதானா? மூச்சுத் திணறலுக்கு முகத்துக்கு நேரே ஒரு விசிறி வைத்தாலே ஆறுதல் கிடைக்கும். ஆறாத புண்ணின் நாற்றத்துக்கு அஞ்சி உறவினர் கிட்ட வராமல் போவது நோயாளிக்கு நோயைவிடப் பெரிய வதை. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொல்வார்கள், நாற்றம் அடங்கிவிடும். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பதை லைன் வீட்டிலும் செய்யலாம்.

சுரங்கக் கம்பெனி நடந்தவரை தங்கவயலுக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருந்தது. 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடியபின் அந்த வசதியும் போயிற்று. இப்போது மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்குத்தான் போக வேண்டும். ஓசூர் ரோட்டில் 1973-ல் தொடங்கிய கித்வாய் ஆஸ்பத்திரி இருக்கிறது. குணப்படுத்தும் சிகிச்சை முடிந்துபோனவர்களை இலவசமாக வைத்துப் பார்க்கும் கருணாஸ்ரயா, மாரத்தஹள்ளி பக்கம் இருக்கிறது. அதை நடத்தும் டிரஸ்ட் 1994-ல் தொடங்கியது. வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று டாக்டர் சொல்லும்போது, வலிக்கு என்ன செய்வது என்று அங்கேயே கேட்டு எழுதி வாங்கி வருவது குடும்பத்தாரின் உரிமை.

கடைசி நாட்கள்

1956-ல் பத்மபூஷண் பட்டம் அம்மையாரைத் தேடி வந்தது. அந்திம நோயாளிகளின் வலியைத் தணிப்பதையே தனி மருத்துவமாக வளர்த்த சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்மணி, லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தது 1967-ல். மறு ஆண்டு, 1968 ஜூலை 22-ம் தேதி, முத்துலட்சுமி அம்மையார் காலமானார். 82-வது பிறந்த நாளுக்கு எட்டு நாள் பாக்கி இருந்தது. மகன் கிருஷ்ணமூர்த்தி 2010-லும், டாக்டர் சாந்தா 2021 ஜனவரியிலும் மறைந்தார்கள். இருவருமே கடைசி வரை அடையாறு ஆஸ்பத்திரியை விட்டுப் போகவில்லை.