மீட்டத் தெரியாதவர் செய்த கிதார்

ஆலயத் திருவிழா நாட்களில் பாடகர் குழுவினர் மின்சாரக் கிதாரை மீட்டுவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அக்கருவியின் முகப்பில், மீட்டும் கைக்கு எட்டும் இடத்தில், இரண்டு மூன்று சிறு குமிழ்கள் இருக்கும். ஒன்று ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் உதவுவது. அதன் அருகில் இருப்பதற்கு ‘டோன்’ என்று பெயர். பாவம், அதனைத் தொடுவார் அதிகமில்லை. முழுவதும் திறந்த நிலையிலேயே அதை விட்டுவிடுவோர் ஏராளம். கேட்பாரற்றுக் கிடக்கும் அந்தச் சிறு குமிழைப் பற்றி நாம் ஆராயப் புகுந்தபோது, ஓர் அரிய மனிதரின் வாழ்க்கை நம் கண்முன் விரிந்தது. அவர்தான் அமெரிக்க நாட்டின் லியோ ஃபெண்டர். உலகெங்கும் புகழ் பெற்ற மின்சாரக் கிதார்களைச் செய்த இவருக்குக் கடைசிவரை கிதார் மீட்டத் தெரியாது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா?

லியோ ஃபெண்டர் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்தில், அனஹைம், ஃபுல்லர்டன் என்னும் ஊர்களின் அருகே பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த எளிய விவசாயிகள். எட்டு வயதில் சிறுவனுக்குப் பெரும் சோதனை வந்தது. கட்டியொன்றின் காரணமாக இடது கண்ணை இழக்க நேர்ந்தது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண்ணோடுதான் அவர் வாழ்ந்தார். விளையாட்டுத் திடலிலும் மற்றப் பிள்ளைகள் நடுவிலும் அந்தச் சிறுவன் பட்ட வேதனையை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயினும் ஒரு வாசல் அடைபட்டால் மற்றொன்றைத் திறப்பவர் இறைவன். 1922-ஆம் ஆண்டில், சான்டா மரியா என்னும் ஊரில் மோட்டார் வாகன மின்சாரப் பணிமனை நடத்திவந்த தம் மாமாவின் இடத்துக்குச் சிறுவன் சென்றான். பழைய உதிரிப் பாகங்களைக் கொண்டு மாமா தாமே செய்த வானொலிப் பெட்டி ஒன்று அங்கே கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. அந்த ஒலி சிறுவனின் உள்ளத்தில் பதிந்துவிட்டது. வீடு திரும்பிய அவன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்க்கத் தொடங்கினான்.

இத்துறையில் அவர் எந்தக் கல்லூரிப் பட்டமும் பெறவில்லை. அவர் கல்லூரியில் படித்தது கணக்குப் பதிவியல். கணக்கராக வேலைக்கும் சேர்ந்தார். 1934-ஆம் ஆண்டில் எஸ்தர் என்னும் நங்கையை மணந்தார். அது அமெரிக்காவைப் பொருளாதார வீழ்ச்சி வாட்டிய காலம். பலரைப் போலவே அவரும் வேலையை இழந்தார். மனம் தளராமல், 1938-ஆம் ஆண்டில் 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்டன் நகரில் வானொலி பழுது பார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார். வேலை போனதே என்று அவர் மூலையில் அமர்ந்திருந்தால், இன்று அவரைப் பற்றி எழுத நமக்கு ஒன்றும் இருந்திராது.

அந்தக் கடைக்கு இசைக் கலைஞர்களும் தங்கள் ஒலிபெருக்கிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு குறை சொன்னார்கள். அக்காலத்துக் கிதார்கள் உள்ளே கூடாக இருந்தன. நடன அரங்குகளில் எல்லோருக்கும் கேட்க வேண்டுமென்று ஒலியைப் பெருக்கினால், கிதாரின் கூடும் சேர்ந்து அதிர்ந்து, கருவி ஊளையிடத் தொடங்கிவிடும். லியோ இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். டாக் காஃப்மன் என்னும் நண்பருடன் 1945-ஆம் ஆண்டில் கருவிகள் செய்யத் தொடங்கினார். மறு ஆண்டு நண்பர் விலகிக்கொள்ள, லியோ தனியே தொழிலைத் தொடர்ந்தார்.

1950-ஆம் ஆண்டில் கூடு இல்லாத, கெட்டி மரப்பலகையால் ஆன கிதாரை அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முதலில் வைத்த பெயர் மற்றொரு நிறுவனத்தின் முரசுகளுக்கு ஏற்கெனவே இருந்ததால், 1951-இல் ‘டெலிகாஸ்டர்’ எனப் பெயர் மாறியது. அதே ஆண்டில் ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் கருவியையும் தந்தார். ஆளுயர மர வாத்தியத்தைச் சுமந்து திரிந்த கலைஞர்களுக்கு அது விடுதலை. நம் வீணையில் இருப்பதுபோல் அதில் மெட்டுக்கள் அமைந்திருந்ததால் சுரம் பிசகாமல் வாசிக்க முடிந்தது. 1954-இல் ‘ஸ்ட்ராடோகாஸ்டர்’ வந்தது. முந்திய கிதாரின் விளிம்பு விலாவில் அழுத்துகிறது என்று கலைஞர்கள் முறையிட்டதால், இதன் உடலை உடம்புக்கு இசைவாக வளைத்துச் செதுக்கினார்.

இனி நமது குமிழுக்கு வருவோம். டோன் குமிழை முதன்முதல் கண்டுபிடித்தவர் லியோ அல்லர். வானொலிப் பெட்டிகளில் அது முன்பே இருந்தது. அதனைக் கிதாரில் எப்படி அமைத்தால் கலைஞனுக்குப் பயன்படும் என்று பல ஆண்டுகள் தேடியவர்களில் அவர் ஒருவர். மின்சாரக் கிதாரின் எஃகுத் தந்திகளுக்குக் கீழே காந்தங்களும், அவற்றைச் சுற்றித் தலைமுடி போன்ற மெல்லிய செப்புக் கம்பியும் உள்ளன. ‘பிக்கப்’ எனப்படும் அந்தச் சுருளில் பல ஆயிரம் சுற்றுகள் இருக்கும். தந்தி அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. அதில் மந்தமான அதிர்வுகளும் கூர்மையான அதிர்வுகளும் கலந்திருக்கும். டோன் குமிழின் அடியில் ஒரு மாறும் மின்தடையும், அதனோடு ஒரு மின்தேக்கியும் உண்டு. மின்தேக்கி கூர்மையான அதிர்வுகளை எளிதில் கடந்துபோக விடும், மந்தமானவற்றைத் தடுக்கும். குமிழைக் குறைக்கக் குறைக்க மின்தடை குறைந்து, கூர்மையான அதிர்வுகள் அந்த வழியே தரைக்கம்பிக்கு ஓடிவிடும். எஞ்சுவது ஒலிபெருக்கிக்குச் சென்று இதமான நாதமாக நமக்குக் கேட்கும்.

இங்கே ஓர் உண்மையை நாம் கவனிக்க வேண்டும். இக்குமிழ் ஒலியுடன் எதையும் சேர்ப்பதில்லை. இருப்பதில் சிறிதை விட்டுக்கொடுக்கிறது, அவ்வளவுதான். முழுவதும் திறந்திருந்தால் கருவி பளிச்சென்று, சில வேளை காதைக் குத்துவதுபோல் ஒலிக்கும். பாஸ்கா விழாவின் மகிழ்ச்சிப் பாடலுக்கு அது பொருந்தும். நற்கருணைப் பாடலின்போது அதே கூர்மை குரல்களை அமுக்கிவிடும். குமிழைச் சற்றுக் குறைத்தால் கிதார் பின்னே ஒதுங்கிக் குரல்களுக்கு இடம் தரும். அடியோடு மூடிவிட்டாலோ, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். அளவறிந்து திருப்புவதில்தான் அழகு இருக்கிறது.

அந்த அளவு லியோவுக்கே எளிதில் கைவரவில்லை என்பதை அறியும்போது நமக்கு ஆறுதலாக இருக்கிறது. அவருடைய முதல் டெலிகாஸ்டர்களில் இரண்டாவது குமிழ் டோன் குமிழாகவே இல்லை. இரண்டு பிக்கப்புகளின் ஒலியைக் கலப்பதற்கே அது இருந்தது. 1952-இல்தான் அதனை டோன் குமிழாக மாற்றினார். ஸ்ட்ராடோகாஸ்டரில் மூன்று பிக்கப்புகளும் இரண்டு டோன் குமிழ்களும் வைத்தார். அப்போதும் மிகக் கூர்மையாக ஒலிக்கும் பின்புறப் பிக்கப்புக்கு அந்த இரண்டில் ஒன்றும் இணைக்கப்படவில்லை! மூன்று நிலைகள் கொண்ட அதன் சுவிட்சைக் கலைஞர்கள் இரு நிலைகளுக்கும் நடுவே நிறுத்தி, அவர் எண்ணிப் பாராத இனிய ஒலிகளைக் கண்டுபிடித்தார்கள். படைத்தவரை விடப் பயன்படுத்துவோர் அதிகம் கண்டது இசைக்குக் கிடைத்த இலாபமே.

இந்தக் கதையில் நம் மாணவிகள் மறவாமல் அறிய வேண்டிய பகுதி ஒன்று உண்டு. முடி போன்ற கம்பியை அறுந்துவிடாமல் சுற்றுவதும், குமிழ்களுக்கு உள்ளே கம்பிகளைப் பற்றவைப்பதும் நுட்பமான வேலைகள். ஃபெண்டர் தொழிற்சாலையில் இவற்றைச் செய்தவர்களுள் பலர் பெண்கள். அபிகேல் இபாரா என்பவர் 1956-ஆம் ஆண்டில் அங்கு வேலைக்குச் சேர்ந்து, பல பத்தாண்டுகள் பிக்கப்புச் சுருள்களைச் சுற்றினார். அவர் கைபட்ட சுருள்களைத் தேடி வாங்கும் அளவுக்குக் கலைஞர்களிடையே அவர் பெயர் பரவியது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969-இல் உட்ஸ்டாக் விழாவில் ஸ்ட்ராடோகாஸ்டரை முழக்கியபோது, கூட்டம் கண்டது கலைஞரை மட்டுமே. அந்தக் கருவிகளுக்குள் மறைந்திருந்த பெண்களின் உழைப்பை யார் கண்டார்?

லியோவின் வாழ்வில் மற்றொரு சோதனையும் வந்தது. நீங்காத தொற்றுநோயால் உடல் நலிந்து, இனித் தொழிலை நடத்த இயலாது என்று அஞ்சி, 1965-ஆம் ஆண்டு நிறுவனத்தை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். பின்னர் வேறொரு மருத்துவரின் சிகிச்சையால் நோய் குணமாயிற்று. உடல் நலம் திரும்பியது. தம் பெயர் தாங்கிய தொழிற்சாலையோ கைவிட்டுப் போயிருந்தது. கோடிக்கணக்கான செல்வம் இருந்தது. அவர் ஓய்ந்து அமர்ந்திருக்கலாம். ஆனால் ‘மியூசிக் மேன்’ நிறுவனத்திலும், பிறகு நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்டனுடன் தொடங்கிய ‘ஜி அண்டு எல்’ நிறுவனத்திலும் மீண்டும் பணிமேசை முன் அமர்ந்தார். 1979-இல் மனைவி எஸ்தர் காலமானார். மறு ஆண்டு ஃபில்லிஸ் என்பவரை மணந்தார். பார்க்கின்சன் நோய் கைகளைத் தளர்த்திய முதுமையிலும் அவர் வேலையை விடவில்லை. 1991-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் நாள், தமது 81-ஆம் வயதில் மறைந்தார்.

பாடகர் குழுவுக்கு ஆள் எடுக்கும் நாளில் குரல் சரியில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டுக் கண் கலங்கிய மாணவிகள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை நினைத்தே இவ்வரலாற்றை எழுதத் துணிந்தோம். நற்செய்தியில் வரும் தாலந்து உவமையில், குறைவாகப் பெற்றவன் குற்றவாளி ஆகவில்லை. பெற்றதை மண்ணில் புதைத்தவனே குற்றவாளி ஆனான். லியோவுக்குக் கிடைக்காதது மீட்டும் விரல். கிடைத்தது பிறர் குறையைக் கேட்கும் செவி. அந்த ஒன்றை அவர் புதைத்து வைக்கவில்லை. அதனால் எத்தனையோ ஆயிரம் விரல்கள் பாடின.

அடுத்த முறை பாடல் பயிற்சிக்குக் கிதாரைக் கையில் எடுக்கும் சகோதரியே, தந்தியைத் தொடுமுன் அந்த டோன் குமிழைச் சற்றே திருப்பிப் பார். உன் அருகில் பாடுகிறவளின் குரல் தெளிவாகக் கேட்கும்வரை திருப்பு. அங்கே நிறுத்து. அதுவே சரியான அளவு.