வனங்காத்த கிளெக்ஹார்ன் துரை

மலைவளமே ஆற்றுவளமென்பதை நம் நாட்டு அரசினர்க்கு உணர்த்திய அறிஞருள் டாக்டர் ஹியூ கிளெக்ஹார்ன் ஒருவராவர். இவர் 1820ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்து, ஸ்காத்லாந்தில் வளர்ந்து, எடின்பரோவில் மருத்துவங் கற்று, 1842இல் மருத்துவராகச் சென்னை மாகாணத்திற்கு மீண்டார். மைசூர்ச் சீமையிற் பணிபுரிகையில் செடிகொடிகளை ஆராய்ந்த இவர், 1851இல் பிரிட்டிஷ் அறிவியற் கழகத்திற்கு வெப்பநாட்டுக் காடழிவைக் குறித்து அறிக்கை அளித்தார்.

1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலரானார். அக்காலம் இருப்புப்பாதைக் கட்டைகளுக்காக மரங்கள் பெருவாரியாக வெட்டுண்ட காலம். அரசினர்க்கோ மரமும் வேண்டும். அதனைத் தருங் காடும் நிலைபெறல் வேண்டும். இவ்விரண்டிற்கும் இடைநின்று, வரையறையின்றி வெட்டுதலைத் தடுக்க இவர் பெரிதும் முயன்றார். காட்டை எரித்து விதைக்கும் குமரிச் சாகுபடியும் இவரது வற்புறுத்தலால் அரசினர் காடுகளில் விலக்கப்பெற்றது. அதனாற் பிழைப்பிழந்த மலைவாணர் துயரை நாம் மறத்தலாகாது.

சோலைநிழல் நீங்கின் ஓடைநீர் வெம்மையுறும். கரைமண் சரிந்து, மீன்கள் முட்டையிடும் கூழாங்கற்களை மூடிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி ஓடைகளிற் குடியேற்றப்பட்ட டிரவுட் என்னும் குளிர்நீர்மீன் இவ்விரு கேடுகளையும் பொறாது. சமவெளியினராகிய நமக்கும் இதிற் பங்குண்டு. கம்மாபுரத்தை அடுத்த விருத்தாசலத்தில் ஓடும் மணிமுத்தாறு கல்வராயன் மலையிற் பிறப்பதன்றோ?

1861இல் தென்னிந்தியக் காடுகளையும் தோட்டங்களையும் பற்றி நூலொன்று வெளியிட்ட இப்பெரியார், 1895இல் ஸ்காத்லாந்தில் இறைவனடி சேர்ந்தார். உயிர்காக்கக் கற்ற கல்வியைக் காடுகாக்கவும் பயன்படுத்திய இவர்தம் வாழ்வு மாணவர் சிந்தித்தற்குரியது.