கணித மேதை ஆய்லர்

சுவிட்சர்லாந்து தேசத்துப் பாஸல் நகரில் 1707-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் லியோனார்டு ஆய்லர் பிறந்தார். தகப்பனார் கிறிஸ்தவ போதகர். மைந்தனும் அப்பணியையே மேற்கொள்ள விரும்பினார். ஆயின் அவரே வாலிபத்தில் யாக்கோப் பெர்னூலி என்னும் கணிதப் பேராசிரியரிடம் பாடங் கேட்டவர். யாக்கோபின் இளவல் யோகான் பெர்னூலி, சிறுவனது புத்தி நுட்பத்தைக் கண்டு தந்தையிடம் பரிந்து பேசிக் கணிதத் துறைக்கு அவரைப் பெற்றுத் தந்தார்.

யாக்கோபை ஒரு கணக்கு வாட்டி வந்தது. 1, 4, 9, 16 முதலிய வர்க்க எண்களால் ஒன்றை வகுத்து வரும் பின்னங்களை முடிவின்றிக் கூட்டினால் வருந் தொகை யாது? அஃது இரண்டுக்கு மேற்படாதென்பதை அவர் அறிவார். சரியான மதிப்போ அகப்படவில்லை. 1689-ல் பிறர் உதவியை வெளிப்படையாக வேண்டியும் பயனின்றி, 1705-ல் காலஞ்சென்றார்.

உட்கார்ந்து கூட்டிப் பார்த்துவிடலாமே என நேயர்கள் கருதக்கூடும். இடர் அங்கேதான். ஆயிரம் பின்னங்களைக் கூட்டிய பின்னும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு குறையும். ஆறு தசம தானங்கள் திருத்தமாக வேண்டின் பத்து லட்சத்துக்கும் மேல் கூட்ட வேண்டும்.

1727-ல் ருஷிய தேசத்துப் பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்திற் சேர்ந்த ஆய்லர், தொடரையே உருமாற்றினார். 1731-ல் அத்தொகையை இரு கூறாக்கினார். ஒன்று, இரண்டின் இயற்கை மடக்கையினது வர்க்கம். மற்றொன்று, பழைய பின்னங்களை முறையே 1, 2, 4, 8 என இரட்டித்துச் செல்லும் எண்களால் மேலும் வகுத்துக் கூட்டியது. உறுப்புகள் விரைந்து சிறுத்தமையால் இருபதுக்குள்ளேயே 1.644934 என்னும் மதிப்புக் கிட்டிற்று. பின்னர், முதற் பத்துப் பின்னங்களை மட்டும் கூட்டி, எஞ்சியவற்றுக்கு ஈடாகச் சில திருத்தங்களைச் சேர்க்கும் சூத்திரத்தால் 20 தசம தானம் வரை கணித்தார்.

1735-ல், வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கத்தில் ஆறிலொரு பங்கே அத்தொகை என்று வேறு வழியாற் கண்டார். அவ்வழியின் நிரூபணத்திற் குறை இருந்தது, ஆட்சேபித்தோரும் உண்டு. ஆயினும் முன்னரே கணித்து வைத்த எண் இலக்கத்துக்கு இலக்கம் ஒத்து நின்றது, துணிந்து வெளியிட்டார். மெதுவாய் நகருந் தொடரை விரைவித்த அவ்வுழைப்பு வீண்போகவில்லை. தமையனார் இதைக் காண உயிரோடில்லையே என யோகான் வருந்தினார்.

1741-ல் பெர்லினுக்குச் சென்று 1766-ல் பீட்டர்ஸ்பர்க் மீண்டார். வலக்கண் முன்பே பழுதுற்றது. மற்றதும் பின்னர் ஒளியிழந்தது. மனத்திலேயே கணித்து, புதல்வரும் உதவியாளரும் எழுத நூல்களைச் சொல்லி வந்தார். 1783 செப்டம்பர் 18-ஆம் நாளும் புதிதாய்க் கண்ட யுரேனஸ் கிரகத்தின் பாதையைப் பற்றி உரையாடியிருந்தார். அன்றே ஆவி பிரிந்தது.